உடம்பில் ஒட்டாத பால்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மழை, விலைவாசி, மருமகள் எல்லாம் முன்னுரை. கடைசியில் வயிறுதான். காலையில் போனதா, எது சேர்கிறது, எது சேரவில்லை. ஒரு காலத்தில் வெட்கப்பட்டு மறைத்ததையெல்லாம் இப்போது கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசுகிறோம். உண்மையைச் சொன்னால் எனக்கு வேறெதைப் பற்றியும் பேச அலுப்பாக இருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதும் வயிற்றுக் கதைதான். என் வயிறு அல்ல, தங்கையின் வயிறு. அவளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். எனக்குப் பத்து.

அதற்கு முன்னால் என் வயிற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன வைகாசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ, விழுப்புரம் திரும்பிய மறுநாளே வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டேன். மாத்திரை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்று ஒருவழியாக நின்றது. நின்ற கையோடு, காய்ந்து கிடந்த நாக்குக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். அவ்வளவுதான். வயிறு உப்பி, கடமுடவென்று உருண்டு, மறுபடியும் ஓட வைத்தது. தெம்பு வரட்டும் என்று நானும் விடாமல் பாலாகக் குடித்தேன். அதுவும் விடாமல் என்னை ஓட்டியது. மகள்தான் ஆட்டோவில் ஏற்றி ஒரு வயிற்று டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பால நிறுத்துங்கம்மா. ஒரு மாசம் காபி, டீ, பாயசம் எதுவும் வேணாம். மோர் கொஞ்சம் பரவாயில்ல" என்றாள்.

"பால்தானேம்மா சத்து?"

"சத்துதான். ஆனா அத உடைச்சாத்தான் சத்து. உடைக்கிற வேலைக்கு உங்க குடல்ல இப்ப ஆளில்ல."

நோயாளிகள் வெளியில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் எனக்காக நேரம் எடுத்துச் சொன்னாள். நாம் தின்கிற எதுவும் தின்ற உருவத்தில் இரத்தத்தில் சேராதாம். வாயில் எச்சில் சோற்றை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பை புளிப்பு நீர் விட்டுக் கடைந்து கூழாக்குகிறது. அப்புறம் சிறுகுடல். பித்தநீரும் கணையத்து நீரும் அங்கே வந்துதான் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உடைந்த பிறகுதான் குடல் சுவர் உள்ளே விடும். அந்தச் சுவர் வழவழப்பான குழாய் இல்லை, டர்க்கி டவல் மாதிரி பொசுபொசுவென்று இருக்கும் என்றாள். அந்த இழைகளின் நுனியில்தான் பாலில் இருக்கும் சர்க்கரையை உடைக்கும் நீர் ஊறுகிறது. கடுமையான பேதி வந்தால் முதலில் தேய்ந்து போவது அந்த நுனிகள்தான். அதன்பின் பால் குடித்தால் அது உடையாமல் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. அவை தின்று புளிக்க வைத்துக் காற்றைக் கிளப்பும். உடையாத சர்க்கரை உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். சில வாரங்கள் பால் தராமல் விட்டால் நுனிகள் தாமாக முளைத்துவிடும்.

"வயசானவங்களவிட கொழந்தைங்களுக்குத்தான் இது சகஜம்மா" என்று எழுந்தபடியே சொன்னாள். "பேதியில எளைச்ச கொழந்த தேறட்டும்னு பால் மேல பால் குடுப்பாங்க. வயிறு இன்னும் மோசமாவும். நிறுத்தினா சரியாயிடும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். ஆட்டோவில் வரும்போது மகள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குக் காதில் ஏறவில்லை. சின்ன வயதில் பார்த்த அத்தையின் முகம்தான் வந்து வந்து நின்றது.

எங்கள் ஊர் மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சையும் மேட்டில் கொஞ்சம் கொல்லையும் இருந்தன. கொல்லையில் ஒரு போகம் கேப்பை, ஒரு போகம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. நான் சொல்வது மல்லாட்டை பிடுங்குகிற காலம். செடியோடு பிடுங்கி ஈரமண் உதிர உதிரக் குவித்துப்போட்டிருப்பார்கள். அந்த மண்வாசனையும் பச்சைக் கொட்டையின் பால்வாசனையும் சேர்ந்து ஊரே ஒரு மாதிரி மணக்கும். பிள்ளைகள் குவியலில் உட்கார்ந்து மடியில் கட்டிக்கட்டித் தின்போம். தாகம் எடுத்தால் கைக்கு எட்டிய வாய்க்கால் தண்ணீர்.

அந்தக் காலத்தில்தான் தங்கைக்குப் பேதி கண்டது. "பச்ச மல்லாட்டைய துன்னுட்டுத் தண்ணி குடிச்சா வேற இன்னா ஆவும்?" என்றார்கள் எல்லோரும். அம்மா மட்டும் தங்கையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு தம்பி பிறந்திருந்தான். தத்தித்தத்தி நடக்க ஆரம்பித்த சமயத்தில் பேதியில்தான் போனான். அதனால் வயிறு கழிகிறது என்ற சொல்லையே அம்மா வீட்டில் சொல்ல விடமாட்டாள். பின்னால் அவள் செய்ததையெல்லாம் நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். நானும் கூடப் போனேன். கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் ரோஸ் நிற மருந்தை ஊற்றி, அளவு தெரிய ஓரம் வெட்டிய காகிதப்பட்டையைப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். நினைவிருக்கிறதா உங்களுக்கு, அந்தக் காகிதப் பல்லு? இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் விழிக்கிறார்கள். பேதி நின்றது. இரண்டாவது முறை போனபோது டாக்டர் தங்கையின் கன்னத்தைத் தட்டி, "பொழச்சிக்கிட்டா. இனிமே மருந்து வேணாம், சத்துதான் வேணும். காலையில சாயந்தரம் நல்லா பால் குடுங்க" என்றார்.

எங்கள் வீட்டில் உழவு மாடுதான் இருந்தது. கறவை மாடு அத்தை வீட்டில்.

அத்தை நைனாவுக்கு நேர் தங்கை. எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மாமா பாண்டிச்சேரியில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அதிகம். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. அந்த ஒரு மாடும் எங்கள் இரண்டு பேரும்தான் அவளுக்குப் பொழுதுபோக்கு. என்னைப் பெரியபாப்பா என்பாள், தங்கையைச் சின்னபாப்பா என்பாள். அதில் சின்னபாப்பா என்று கூப்பிடும்போது குரல் ஒரு படி இறங்கிக் குழையும். எனக்கு அதில் பொறாமை உண்டு.

டாக்டர் சொன்ன மறுநாளிலிருந்து அத்தை பித்தளைத் தூக்கில் பாலோடு வந்து நின்றாள். கறந்த சூடு ஆறுவதற்குள் காய்ச்சி, வெல்லம் தட்டிப்போட்டுக் கொண்டுவருவாள். நுரையைப் பார்த்தால் எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். எனக்குக் கிடையாது. தங்கையை மடியில் சாய்த்துக்கொண்டு, "தோ, இது உன் வாய்க்கு. இது உங்க நைனா வாய்க்கு. இது கன்னுக்குட்டி வாய்க்கு" என்று மடக்கு மடக்காகப் புகட்டுவாள். தங்கையின் மேலுதட்டில் வெள்ளை மீசை முளைக்கும். அத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, துடைத்த முந்தானையை மோந்து பார்ப்பாள்.

தங்கை தேறவில்லை. நின்ற பேதி மறுபடி தொடங்கியது. முன்னைப்போலக் கொட்டவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. வயிறு மட்டும் பானை போல உப்பிக்கொண்டு வர, கையும் காலும் சுள்ளியாகின. பக்கத்தில் படுத்தால் அவள் வயிற்றுக்குள் தண்ணீர் உருளும் சத்தம் எனக்குக் கேட்கும். பால் குடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முழங்காலை மடக்கிக்கொண்டு அழுவாள்.

"பசிடி இது. பசி வயித்தப் பொரட்டுது" என்பாள் அத்தை. "இன்னும் ஒரு வாய் குடிச்சுடு, என் சாமியில்ல?"

அம்மா அவள் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "துன்றது எதுவும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு படத்தை மாட்டி உணவு மண்டலம் நடத்தினார். வாயிலிருந்து வளைந்து வளைந்து கீழே வரைக்கும் ஒரே குழாய். நான் அதில் கண்ணை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒட்டுகிற இடம் எது என்று தெரியவில்லை. எழுந்து நின்று, "சார், சோறு எங்க சார் ஒட்டும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "ஒட்டறதுக்கு அதென்ன போஸ்டரா? சிறுகுடல் உறிஞ்சும்னு எழுது, மார்க்கு வரும்" என்று சொல்லி என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நானும் எழுதினேன். மார்க்கும் வந்தது. தங்கை வீட்டில் இளைத்துக்கொண்டே இருந்தாள்.

ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். குடல் ஏறிக்கொண்டது என்று எண்ணெய் தடவிக் குடல் தட்டினார்கள். திருஷ்டி சுற்றினார்கள். ஒன்றும் கேட்காமல் போகவே, பனமலைப் பக்கத்திலிருந்து தொக்கம் எடுக்கிற அம்மாவை வரவழைத்தார்கள். உங்களில் பாதிப் பேர் வயிற்றிலும் எடுத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தை சாப்பிடாமல் இளைத்தால் வயிற்றில் ஏதோ சிக்கிக்கொண்டது, அதுதான் தொக்கம் என்பார்கள். தொப்புள் மேல் சின்னக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சி அதை வெளியே எடுப்பதற்கென்று ஆட்கள் உண்டு.

அந்த அம்மா பகல் வெயிலில் நடந்து வந்து, முகம் கழுவி, வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தங்கையைப் பாயில் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் அம்மா. திமிறாமல் இருக்கக் காலைப் பிடித்துக்கொண்டவள் அத்தை. அந்த அம்மா பித்தளைக் குழாயைத் தொப்புளில் வைத்துக் கன்னம் குழிய உறிஞ்சினாள். பிறகு தட்டில் துப்பினாள். திரிந்த பால்கட்டி மாதிரி வெள்ளையாக ஒன்று விழுந்தது. அதில் ஒரு மயிர் சுற்றியிருந்தது.

"கொழந்தைக்கு வெள்ளையா எதனா குடுத்துக்கினு வர்றீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பாலு" என்றாள் அம்மா.

"இது சும்மா தொக்கம் இல்லம்மா. மருந்து உழுந்த வயிறு. யாரு குடுத்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது என் வேல இல்ல. அந்தக் கையால இனிமே எதையும் குடுக்காதீங்க."

மருந்து என்றால் விஷம் அல்ல. அடுத்தவர் பிள்ளையை, அடுத்தவள் புருஷனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளச் சோற்றிலோ பாலிலோ கலந்து கொடுப்பது என்று நம்பினார்கள். அது குடலில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். கொடுத்த ஆளைக் கண்டால் பிள்ளை சிரிக்கும், மற்றபடி உருகிப் போகும். தங்கையும் அப்படித்தானே இருந்தாள். அம்மா கூப்பிட்டால் சிணுங்குவாள், அத்தையின் குரல் கேட்டால் எழுந்து உட்காருவாள். அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தையின் கை இன்னும் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வெள்ளைக்கட்டி அந்த அம்மா கன்னக் கொடுப்பில் ஒளித்து வைத்திருந்தது என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தொல்லை பாலில்தான் என்று அந்த வீட்டில் முதலில் சொன்னவளும் அவள்தான். படித்த டாக்டர் பால் கொடுக்கச் சொன்னார். படிக்காதவள் நிறுத்தச் சொன்னாள். எதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. யோசித்தால் களைப்புதான் மிச்சம்.

"கால உடு" என்றாள் அம்மா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணி..."

"எம் புள்ள கால உடுடி. ஒனக்குப் பொறக்கலன்னா, எம் புள்ளதான் கெடச்சுதா?"

"இன்னா அண்ணி பேசற நீ? டாக்டரு சொன்னாருன்னுதான குடுத்தேன்?"

"டாக்டரு பாலு குடுக்கச் சொன்னாரு. மருந்து வெக்கச் சொன்னாரா?"

அத்தை நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். நைனா வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நல்ல மனுஷர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். நல்ல மனுஷர்கள் அந்த மாதிரி நேரங்களில் வெளியேதான் பார்க்கிறார்கள். கடைசியில் திரும்பி, "சத்தியம் பண்ணிட்டா முடிஞ்சிபோச்சு. எதுக்கு வீணா பேஜாரு?" என்றார்.

மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் தெருவே வந்து நின்றது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அத்தை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்தாள். அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். தங்கை அத்தையைப் பார்த்துக் கையை நீட்டியது எல்லோருக்கும் தெரிந்தது. அதுவே ஒரு சாட்சியாகிவிட்டது.

பூசாரி செங்கல் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அத்தை அம்மனைப் பார்த்தாள். "தாயே, எம் பாலால இந்தக் கொழந்தைக்கு ஒரு கெடுதியும் ஆவல. ஆயிருந்தா எம் வயித்துல ஒண்ணும் தங்காம போவட்டும்" என்று சொல்லி உள்ளங்கையை ஓங்கி வைத்தாள். உடனே எடுக்கவில்லை. அணைந்த பிறகும் வைத்திருந்தாள். கற்பூரத்தோடு தோல் கருகிய வாசனையும் வந்தது.

பால் நின்றது. சத்தியம் பண்ணினாலும் அந்தக் கை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். தங்கைக்குக் கேப்பைக் கூழும், குழைந்த சோறும், கடைந்து வெண்ணெய் எடுத்த மோரும்தான். மாசம் திரும்புவதற்குள் வயிறு வற்றியது. கன்னத்தில் சதை பிடித்தது. கட்டிக்கட்டியாக வெளிக்குப் போகிறாள் என்பதை அம்மா தெருவில் நின்று நாலு பேரிடம் சந்தோஷமாகச் சொன்னாள். கேட்டவர்கள் கடைசி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தங்கை தேறத் தேற அத்தை குற்றவாளி ஆனாள். பால் கொடுத்தவரை இளைத்தாள், நிறுத்தியதும் தேறினாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டாள் என்றார்கள். அதனால்தான் அவளுக்குப் பிள்ளை இல்லை என்றும் சொன்னார்கள். சத்தியத்துக்கு முன்பே பிள்ளை இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து வயதில் எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் தங்கை வாசலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தை தண்ணீர்க் குடத்தோடு எதிர் ஓரமாகப் போனவள் நின்றுவிட்டாள். கையில் துணி சுற்றியிருந்தது. "பெரியபாப்பா, சின்னது இப்ப துன்னுதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ரெண்டு தடவ வாங்கித் துன்னுது அத்த."

அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. தனக்கு எதிராக ஊர் வைத்திருந்த ஒரே சாட்சியைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்தாள். அம்மா உள்ளிருந்து வந்து தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்பே அத்தை மாட்டை விற்றுவிட்டாள். மாமா வந்து, பாண்டிச்சேரி போய்வரச் சௌகரியம் என்று சொல்லிக் கண்டமங்கலத்தில் வீடு பார்த்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை. மாட்டு வண்டியில் சாமான் ஏற்றும்போது நைனா கழனியில் இருந்தார். எங்கள் கல்யாணங்களுக்கு அவளுக்குப் பத்திரிகை போகவில்லை. நைனா இறந்தபோது வந்து தெருமுனையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மா போன வருஷம்தான் போய்ச்சேர்ந்தாள். கடைசிவரை, "அன்னிக்கி அந்தம்மா வந்து எடுக்கலன்னா இவ ஏது?" என்று தங்கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போய்வந்த அன்று மாலை திண்டிவனத்துக்குப் போன் போட்டுத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேரனுக்கு ஏதோ ஊட்டிக்கொண்டே கேட்டாள். "எனக்கு அவங்க மொகமே ஞாபகம் இல்லக்கா. இப்ப போயி எதுக்கு? எல்லாரும் போயாச்சு" என்றாள். எல்லோரும் போகவில்லை, அத்தை இருக்கிறாள் என்றேன். "அப்ப நீ போய்ட்டு வா. எனக்கு முட்டி வலி" என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஐந்து வயது வயிறு அவளுக்கே அந்நியம்.

வயிறு கொஞ்சம் நின்றதும் கண்டமங்கலம் போகப் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். நியாயத்தைக் கையில் எடுத்துப்போகிற நினைப்பு எனக்கு. அத்தை அழுவாள், என் தலையைத் தடவுவாள், இப்பவாவது தெரிந்ததே என்பாள் என்றெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன்.

மாமா எப்போதோ காலமாகிவிட்டார். மாமாவின் தம்பி மகன் வீட்டுக்குப் பின்கட்டில் ஓர் அறை. எண்பதைத் தாண்டியவள், கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அத்த என்று கூப்பிட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். "பெரியபாப்பாவா? வா வா. இன்னாடி இவ்ளோ நரச்சிட்ட?" பல் இல்லாத சிரிப்பு. மனசில் ஒரு பாரமும் இல்லாத ஆளாகத்தான் தெரிந்தாள். தெருவில் மேளச் சத்தம் கேட்டது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம். போகவில்லையா என்று கேட்டேன்.

"அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல. எம்மாம் நாளாவுது. நான் நெசத்தச் சொல்லி நெருப்புல கைய வெச்சேன். அவ பொய்க்காரிக்குக் குடுக்கற தண்டனைய எனக்குக் குடுத்தா. நான் எந்தக் கோயிலுக்கும் போவறதில்ல. எதுக்கு அந்தத் தண்டனன்னு அவதான் வந்து எனக்குப் பதில் சொல்லணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் சொன்னேன். எச்சிலில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். சிறுகுடலுக்குள் டவல் மாதிரி இழை இருப்பதை, பேதியில் அது தேய்வதை, பால் உடையாமல் இறங்குவதை, கிருமிகள் அதைப் புளிக்க வைப்பதை. "நீ எந்த மருந்தும் வெக்கல அத்த. வெறும் பாலே அப்ப அவளுக்கு ஆவாது. உம் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கை உரிப்பதை நிறுத்தியிருந்தது. "அப்ப அது பாலாலதானா?"

"பாலாலதான். ஆனா உனக்குத் தெரியாதில்ல? டாக்டரே குடுக்கச் சொன்னாரு."

"வயித்தப் புடிச்சிக்கினு அழுவா" என்றாள் அத்தை. "பசின்னு நெனச்சேன். அழ அழ இன்னும் ஒரு வாய் குடுத்தேன்."

"அத்த, அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? அந்த நுனி முளைக்காம..."

"எம் பாலால ஆவலன்னுதான சத்தியம் பண்ணேன்?"

நான் வாயைத் திறந்தேன். மறுபடியும் சிறுகுடலைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. முறத்தை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, கொடியில் கிடந்த புடவையை இழுத்தாள்.

"கூழு இன்னும் ஊத்திக்கினு இருப்பாங்க. என்ன அங்க கூட்டிக்கினு போடி. அவ செஞ்சது சரிதான். இத்தினி வருஷமா நான்தான் அவள வைஞ்சிக்கினு இருந்திருக்கேன். போய் மாப்பு கேக்கணும்."

அம்மனோடு அவள் போட்ட சண்டையில் நியாயம் அவள் பக்கம் இருந்தது. பிள்ளை இல்லாமல், அண்ணன் வீடு இல்லாமல், அது ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அதைப் பிடுங்கியவள் நான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்புப் போடாமல், அந்த வெயிலில் என்னைவிட வேகமாக நடந்தாள்.